இடப்பக்கம் திரும்பாத பலராமன்

திருவண்ணாமலைப் பக்கத்து வேங்கிக்கால் பலராமனுக்கு இடப்பக்கம் என்று ஒன்று கிடையாது. நடக்கும்போது உண்டு, படுத்துப் புரளும்போது தாராளமாக உண்டு. அவனுடைய குட்டி ஜேசிபியின் மேல் ஏறி நின்றுவிட்டால் மட்டும் கிடையாது. இடப்பக்கம் போக வேண்டுமென்றால், வண்டியை நின்ற இடத்திலேயே வலப்பக்கமாக முக்கால் வட்டம் சுழற்றி, சுற்றி வளைத்து இடப்பக்கத்தைப் போய்ப் பிடிப்பான். பார்க்கிறவர்களுக்குத் தலை சுற்றும். அவனுக்குப் பழகிவிட்டது.

குட்டி ஜேசிபி என்பது ஊர் வைத்த பெயர். கம்பெனிக் காகிதத்தில் அதற்கு நீளமாக ஏதோ ஒரு பெயர் இருந்தது. அதை யாரும் ஒருமுறைகூட முழுதாகச் சொல்லி முடித்ததில்லை. உட்கார இடம் கிடையாது, மேலே கூரை கிடையாது. பின்னால் ஒரு சின்ன மேடை. அதில் ஏறி நின்று, எதிரே இருக்கும் இரண்டு லீவர்களைப் பிடித்து ஓட்ட வேண்டும். சக்கரத்துக்குப் பதில் இரண்டு பக்கமும் ரப்பர் பட்டைகள். முன்னால் நண்டுக் கொடுக்கு மாதிரி ஒன்று. அறுத்துப் போட்ட மரத்தடியை அதுதான் கவ்வித் தூக்கும். பெரிய வண்டி எதுவும் நுழைய முடியாத சந்தில் இது நுழைந்து, நாலு பேர் மூச்சு வாங்கத் தூக்கும் தடியை முனகாமல் தூக்கிக்கொண்டு வரும்.

அதற்கு முன்னால் பலராமன் மரம் ஏறிக்கொண்டிருந்தான். ஊரில் எந்த வீட்டுக் கிளை எந்த வீட்டு மாடியில் சாய்ந்தாலும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். ஒருநாள் ஒரு புளியமரத்திலிருந்து மிக நேர்த்தியாகக் கீழே விழுந்தான். காலில் தகடு வைத்து அனுப்பினார்கள். அவன் மனைவி தென்றல் கலெக்டர் ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறாள். அவளிடம் ஒரு விசேஷம் உண்டு. கோபம் ஏற ஏற அவள் பேச்சில் மரியாதையும் ஏறும். சாதாரண நாளில் "வா, போ" என்பவள், கட்டுப் போட்ட காலைப் பார்த்ததும், "தாங்கள் இனிமே மரம் ஏறுனீங்கன்னா, நேரா போளூருக்குக் கிளம்பிடுங்க. எங்க அண்ணன் மாவு மில்லுல ஆள் தேவைப்படுதாம்" என்றாள்.

'தாங்கள்' என்று காதில் விழுந்ததுமே பலராமன் போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டான். போளூரில் மச்சான் மணிவேல் வைத்திருக்கும் மில் அவனுக்கு ஆகவே ஆகாது. அங்கே மிளகாய் அரைக்கும் நாளில் வாசலில் கால் வைத்தாலே தும்மல் பிடித்துக்கொள்ளும். ஊர் திரும்பி வந்து, சாப்பிட்டுப் படுத்த பிறகும் விடாது. ஆனால் தும்மல்கூடப் பெரிதில்லை. மரத்தை விட்டுவிட்டு இருக்க அவனால் முடியாது. அறுத்த மரத்தின் ஈர வாசனை மூக்கில் ஏறாத நாள் அவனுக்கு நாளே இல்லை. சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து அழுதான்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் தென்றல் இந்த வண்டியைத் தேடிப் பிடித்தாள். போனில் வீடியோ பார்த்தாள், கம்பெனிக்காரனிடம் பேசினாள், வண்டியோடு வந்த இங்கிலீஷ் புத்தகத்தைக் கடையில் உட்கார்ந்து படித்து, எந்த லீவர் எதற்கென்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்தாள். வேலைக்குக் கிளம்பும் முதல் நாள் வண்டிக்குச் சந்தனம் பூசி, பொட்டு வைத்து, பட்டைகளுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டினாள். "காலு தரையிலயே இருக்கணும். இதுலயும் ஏதாவது ஏடாகூடம் பண்ணிட்டு வந்தா, அப்புறம் மில்லுதான்" என்று சொல்லிவிட்டுக் கடையைத் திறக்கப் போனாள்.

அவள் தலை மறைந்ததும் ஏடாகூடம் நடந்தது.

குட்டி ஜேசிபி ரோட்டில் போகிற வண்டி இல்லை. அதை வேலை நடக்கிற இடத்துக்குத் தூக்கிக்கொண்டு போக ஒரு பிக்கப் வண்டி வேண்டும். அதற்கு அன்வர் பாஷா வந்தார். பலராமனுக்கு நெடுநாள் பழக்கம். மரத்தடி ஏற்றிப் போகிறவர். நல்ல மனுஷர், நல்ல கனமான மனுஷரும்கூட. பிக்கப்பின் பின்பக்கம் வண்டி ஏறிவர இரண்டு இரும்புச் சாய்வுகளை மாட்டிவிட்டு, மேலே ஏறி நின்று, "வா வா வா" என்று கையசைத்தார். பலராமன் வண்டியை நேராக ஏற்றினான். எஞ்சின் கனம் முழுவதும் பின்னால். அவனும் பின்னால். பாதிச் சாய்வு ஏறியதும் முன்பக்கம் தூக்கிக்கொண்டு, கொடுக்கு வானத்தைப் பார்த்தது. பதறிப்போய்க் கைக்கு வந்த லீவரை இழுத்தான். வண்டி இடப்பக்கம் திரும்பி, ஒரு பட்டை அந்தரத்தில் தொங்கியது.

"அண்ணாமலையானே! காப்பாத்து! இனிமே பீச்சாங்கைப் பக்கம் திரும்பவே மாட்டேன்!" என்று பலராமன் அலறினான்.

அண்ணாமலையான் காப்பாற்றினார். அன்வர் பாஷாவும் காப்பாற்றினார். அவர் மேலிருந்து பாய்ந்து கொடுக்கைக் கட்டிப்பிடித்துத் தொங்கியதில் முன்பக்கம் இறங்கியது; வண்டி மெல்லப் பின்னோக்கி உருண்டு தரைக்கு வந்து சேர்ந்தது. இரண்டு பேரும் நசுங்கிக் கிடந்த எலுமிச்சம்பழத் தோலுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்கள்.

"தென்றல்கிட்ட சொல்லாதீங்க பாய்."

"நான் ஏன் சொல்றேன்? ஆமா, பீச்சாங்கைப் பக்கம் திரும்ப மாட்டேன்னியே, அது நடக்கறப்பவுமா?"

டீக்கடையில் வைத்து இதை இருவரும் அலசினார்கள். நடப்பது கணக்கில் வராது, சொல்லும்போது நடக்கவில்லை. பைக்கும் வராது, சொல்லும்போது பைக்கில் இல்லை. ஆகவே குட்டி ஜேசிபிக்கு மட்டும் என்று தீர்ப்பாயிற்று. கூடவே, கனமான பக்கம் முதலில் ஏறட்டும் என்று, இனி வண்டியை ரிவர்ஸில்தான் சாய்வில் ஏற்றுவது என்றும் முடிவானது. அது ஒன்றுதான் உருப்படியான முடிவு.

பிக்கப் கிளம்பியதும் புதுச் சிக்கல். முதல் முனையிலேயே இடப்பக்கம் திரும்ப வேண்டும். "பாய், நிறுத்துங்க! மெஷினு மேல இருக்குதே" என்றான் பலராமன். அன்வர் பாஷா அவனை ஏற இறங்கப் பார்த்தார். இடப்பக்கம் திரும்பாமல் போனால் மலையை முழுதாக ஒரு சுற்றுச் சுற்றித்தான் வேலை இருந்த செங்கம் ரோட்டுக்கு வரவேண்டும்.

"மெஷின எப்படி ஏத்துன?"

"ரிவர்ஸ்ல."

"அப்ப அது எங்க பாத்துகினு நிக்குது?"

"பின்னால பாத்துகினு."

"பின்னால பாக்கறவனுக்கு என் பீச்சாங்கைப் பக்கம் எந்தப் பக்கம்?"

பலராமன் உள்ளங்கைகளை நீட்டி, இருக்கையில் திரும்பி உட்கார்ந்து கணக்குப் போட்டான். சோற்றுக்கைப் பக்கம்! அவன் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. அப்படியானால் பிக்கப் வலப்பக்கம் திரும்பும்போது என்ன ஆகும் என்று அவனும் கேட்கவில்லை, அன்வர் பாஷாவும் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளவில்லை.

வேறு ஊராக இருந்தால் இப்படி ஒருவனை டாக்டரிடம் காட்டச் சொல்லியிருப்பார்கள். திருவண்ணாமலையில் வலப்பக்கமாகச் சுற்றுகிறவனிடம் யாரும் காரணம் கேட்பதில்லை. அடி அண்ணாமலையில் ஒரு தோட்டத்தில் அவன் வேப்பந்தடியோடு சுழன்றதைப் பார்த்து, பூக்காரம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். ரமணாசிரமம் பக்கம் கேட்கவே வேண்டாம். ஒரு வெள்ளைக்கார அம்மாள் அவன் எங்கே வேலை செய்தாலும் எப்படியோ மோப்பம் பிடித்து வந்துவிடுவாள். அவன் சுழலும்போது கைகூப்பிக்கொண்டு பின்னாலேயே சுற்றுவாள். பலராமனுக்குக் கூச்சமாக இருக்கும். அதேசமயம் கொஞ்சம் நிமிர்ந்தும் நிற்பான். அவன் போன தோட்டங்களில் புல்தரையெல்லாம் வட்டம் வட்டமாகக் கிழிந்து கிடந்தது வேறு விஷயம்.

வேலையென்னவோ குவிந்தது. தென்றலுக்கும் சந்தோஷம். "கஷ்டமா இருக்குதா?" என்று கேட்பாள். "கஷ்டமா? பால் பாயசம்!" என்பான். சொல்லும்போது அவள் கண்ணைப் பார்க்க மாட்டான்.

குட்டை உடைத்தது இடது பட்டை. எந்நேரமும் வலப்பக்கமே திரும்பினால் வெளிவட்டத்தில் ஓடுகிற இடது பட்டைக்குத்தானே பாடு? அது தேய்ந்துபோய், தென்றல்தான் போன் செய்து புதிது வரவழைத்தாள். கொஞ்ச நாளில் அதுவும் தேய்ந்தது. மறுபடி போன் செய்தபோது, பட்டை விற்கிறவர் சந்தேகத்தோடு கேட்டார்: "எல்லாரும் ஜோடியா வாங்குவாங்க. நீங்க மட்டும் லெஃப்டே லெஃப்டே கேக்கறீங்க. உங்க ஊட்டுக்காரரு என்னாம்மா, சுத்திகினே இருக்காரா?"

தென்றல் போனை வைத்தாள். ஜெராக்ஸ் மிஷினை அணைத்தாள். ஷட்டரை இழுத்து மூடிவிட்டு, ஸ்கூட்டியைக் கிளப்பினாள்.

அன்றைக்குப் பலராமன் செங்கம் ரோட்டில் இராமலிங்கத்தின் விருந்தினர் விடுதியில் இருந்தான். மழைக்காற்றில் பின்கட்டு மயில்கொன்றை சாய்ந்து கிடந்தது. கிளைகளைக் கழித்து, சின்னச் சின்னத் தடிகளாக அறுத்து, காலையிலிருந்து பின்கட்டுக்கும் வாசலுக்குமாகச் சுமந்தாயிற்று. விடுதியின் பக்கவாட்டுச் சந்து வழியாக வந்து, கடைசியில் இடப்பக்கம் திரும்பினால் வாசல். ஒவ்வொரு தடிக்கும் அந்த முனையில் முக்கால் வட்டம். வெள்ளைக்கார அம்மாள் வந்தாயிற்று. அன்று தன்னோடு இன்னும் இரண்டு பேரை வேறு அழைத்து வந்திருந்தாள்.

மிச்சம் இருந்தது அடிமரம் மட்டும். "அதத் துண்டு போட்டுடாதப்பா. ஒரே பலகையா அறுத்து சாப்பாட்டு மேசை போடப் போறேன்" என்று இராமலிங்கம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். கொடுக்கு அதைக் குறுக்காகக் கவ்வித் தூக்கியது. சந்தில் தடியின் இரண்டு நுனியும் சுவரைத் தொடாமல் பலராமன் அருமையாகத்தான் கொண்டுவந்தான். முனைக்கு வந்ததும் நின்றான். இடப்பக்கம் திரும்பினால் அலுங்காமல் வாசலுக்குப் போய்விடலாம். இவ்வளவு நீளத் தடியோடு வலப்பக்கம் சுழல வழியே இல்லை. அங்கே சமையலறைச் சுவர். நைசாக ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தான். சுவரில் காரை உதிர்ந்தது. உள்ளே ஏதோ பாத்திரம் விழுந்து உருண்டது.

"யோவ்! அது சமையக்கட்டுய்யா!" என்று கத்தினார் இராமலிங்கம். "இப்படித் திரும்பேன், இந்தப் பக்கம்! எவ்ளோ எடம் இருக்குது!"

"அந்தப் பக்கம் ஆகாது சார்."

"ஏன்?"

பலராமன் அன்வர் பாஷாவைத் திரும்பிப் பார்த்தான். அவரை ஓட்டச் சொல்லலாம் என்றால் அதுவும் நடக்காது. ஒருமுறை அவர் மேடையில் ஏறி நின்றபோது, அவர் கை வைப்பதற்கு முன்பே தொப்பை லீவரைத் தள்ளிவிட்டது. வண்டி தானாகக் கிளம்பி ஒரு வேலியைச் சாய்த்துவிட்டுத்தான் நின்றது.

"இது ஒரு வேண்டுதல் சார்" என்று சொல்லிக்கொண்டே பலராமன் நிமிர்ந்தான். இராமலிங்கத்துக்குப் பின்னால் ஹெல்மெட்டோடு தென்றல் நின்றிருந்தாள்.

"என்னா வேண்டுதல்ங்க?" என்றாள் மிகவும் மரியாதையாக.

அவன் எதையாவது சொல்லிப் பூசி மெழுகலாம் என்றுதான் பார்த்தான். அவள் கேட்ட மரியாதையில் எல்லாம் கொட்டிவிட்டது. சாய்வு, அந்தரத்தில் தொங்கிய பட்டை, அலறல், தீர்ப்பு, எல்லாம். தென்றல் ஹெல்மெட்டைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டாள். அவள் முகம் வெளுத்துவிட்டது.

"மொத நாளே கவுர இருந்தீங்களா? என்கிட்ட பால் பாயசம்னு சொன்னீங்களா?"

"கவுரல தென்றல். பாய் புடிச்சிட்டாரு."

"அண்ணே, நீங்களும் உடந்தையா?"

அன்வர் பாஷா மலை உச்சியில் மேகம் இருக்கிறதா என்று பார்க்கத் தொடங்கினார்.

"பயத்துல உளறுனதுக்குப் பேரு வேண்டுதலா?" என்றாள் தென்றல். "இன்னையோட சரிங்க. தாங்கள் மரத்தடியும் தூக்க வேணாம், மெஷினும் ஓட்ட வேணாம். நாளைக்குக் காலைல போளூர் பஸ்ஸுல ஏறிடுங்க. அண்ணன்கிட்ட நான் இப்பவே சொல்லிடறேன்."

பலராமன் லீவரைப் பிடித்தபடியே நின்றான். கொடுக்கில் கவ்வியிருந்த மயில்கொன்றையின் ஈர வாசனை அவன் மூக்கில் ஏறியது. இனி இது இல்லை, மிளகாய்தான் என்று நினைத்ததும் கண் நிறைந்தது. எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்றுகூட அவனுக்குத் தோன்றவில்லை.

"அது சரிம்மா, போளூரெல்லாம் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார் இராமலிங்கம். "நடுவழியில நிக்குதே, என் மேசை?"

தென்றல் அடிமரத்தைப் பார்த்தாள், வழியைப் பார்த்தாள். எடுத்த வேலையைப் பாதியில் விட்டுப் போவது அவள் பரம்பரையிலேயே கிடையாது. ஜெராக்ஸில் ஒரு ஓரம் வெட்டுப்பட்டாலும் கிழித்துப் போட்டு வேறு எடுத்துக் கொடுப்பவள்.

"எறங்குங்க" என்றாள்.

அவன் இறங்கினான். அவள் துப்பட்டாவை இழுத்துக் கட்டிக்கொண்டு ஏறினாள். வீட்டு வாசலில் அவனுக்குச் சொல்லிக் கொடுத்த நாட்களில் முன்னே பின்னே ஓட்டிப் பார்த்தவள்தான். லீவரை மெல்ல அசைத்தாள். அந்தக் குட்டி ஜேசிபி, கும்பிட்டுப் பொட்டு வைத்த நாளுக்குப் பிறகு முதன்முறையாக, இடப்பக்கம் திரும்பியது. வெள்ளைக்கார அம்மாள் கைகூப்பியபடி எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நின்ற இடத்திலேயே ஒரு சுற்றுச் சுற்றினாள். அடிமரம் எதிலும் படாமல் வாசலில் போய் இறங்கியது.

"அருமை!" என்று இராமலிங்கம் கைதட்டினார். அங்கேதான் வினை. தட்டாமல் இருந்திருந்தால் தென்றல் இறங்கியிருப்பாள். கோபமும் கைதட்டலும் சேர்ந்து தலைக்கேற, அப்படியே பிக்கப்பை நோக்கி ஓட்டினாள். சாய்வுகள் மாட்டித் தயாராக இருந்தன.

"தென்றல், ரிவர்ஸ்ல ஏத்து!" என்று பலராமன் பின்னாலேயே ஓடினான்.

"எனக்குத் தாங்கள் சொல்லித் தர வேணாம்!"

"நேரா ஏத்தாத, தூக்கும்!"

அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேராக ஏற்றினாள். பாதிச் சாய்வில் முன்பக்கம் மெல்ல எழுந்து, கொடுக்கு வானத்தைப் பார்த்தது. தென்றலின் எதிரே இருந்த பிக்கப் மறைந்தது, ரோடு மறைந்தது. கொடுக்குக்கு நடுவே மலை மட்டும் தெரிந்தது.

"அண்ணாமலையானே!" என்று அவள் போட்ட சத்தம் ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது. "காப்பாத்து! அவர மில்லுக்கு அனுப்பவே மாட்டேன்!"

பலராமன் எப்படிப் பிக்கப்பில் ஏறினான் என்று அவனுக்கே தெரியாது. தகடு வைத்த காலோடு தாவியிருக்கிறான். ஒரு பக்கம் அவன், மறுபக்கம் அன்வர் பாஷா, இருவருமாகக் கொடுக்கைப் பிடித்துத் தொங்கினார்கள். முன்பக்கம் தொப்பென்று இறங்கியது. வண்டி மெல்லப் பின்னோக்கி உருண்டு தரைக்கு வந்தது.

தென்றல் மேடையிலிருந்து இறங்கிச் சாலை ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். பலராமன் பக்கத்தில் போய் உட்கார்ந்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டான். அவள் கீழே விழுந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கக்கூட அவனுக்குத் தைரியம் வரவில்லை. தான் புளியமரத்திலிருந்து விழுந்த அன்று அவளுக்கு எப்படி இருந்திருக்கும் என்பது அப்போதுதான் அவனுக்குப் புரிந்தது.

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டதும், "மேல நிக்கறப்ப என்னமோ சொன்னியே" என்றான்.

"நான் ஒண்ணும் சொல்லல."

"நான் கேட்டேன் தங்கச்சி" என்றார் அன்வர் பாஷா. "சார் கேட்டாரு. வெள்ளைக்காரம்மா கேட்டாங்க. யாரக் கூப்ட்டுச் சொன்னியோ அவரும் கேட்டிருப்பாரு."

தென்றல் மலையைப் பார்த்தாள். அது எங்கும் போகாமல் அங்கேயே இருந்தது.

"பயத்துல உளறுனதுதானே?" என்றான் பலராமன் மெதுவாக.

"வாய மூடு. அது வேண்டுதலு."

வாயை மூடு என்று அவள் சொன்ன பிறகுதான் அவனுக்கு உயிரே வந்தது. மரியாதை போய்விட்டது, கோபமும் போய்விட்டது. அவள் எழுந்து துப்பட்டாவை உதறினாள். அவன் குட்டி ஜேசிபியை வலப்பக்கமாகச் சுழற்றித் திருப்பி, ரிவர்ஸில் ஏற்றி, சங்கிலி போட்டு இறுக்கிக் கட்டும் வரை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். பிறகு ஹெல்மெட்டை மாட்டி, ஸ்கூட்டியைக் கிளப்பினாள். கொஞ்ச தூரம் போனவள் நிறுத்தித் திரும்பிப் பார்த்தாள்.

"நடுவுல எங்கனா பீச்சாங்கைப் பக்கம் திரும்பணும்னா போன் பண்ணு" என்றாள். "கடைய சாத்திட்டு வரேன்."